பன்னிரண்டு நாளும் எட்டு ஊரும்

கேள்வி: கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை நான். என் கணவருக்கு வயது 67. சர்க்கரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. வரும் அக்டோபரில் இருவரும் பன்னிரண்டு நாள் இத்தாலி போய்வரலாம் என்றிருக்கிறோம். டூர் கம்பெனியோடு ஓட இஷ்டமில்லை. ரோம், நேப்பிள்ஸ், பாம்பெய், புளோரன்ஸ், பைசா, மிலான், வெனிஸ், கூடவே சுவிட்சர்லாந்தில் இன்டர்லாகன் என்று மகள் ஒரு பட்டியல் போட்டுத் தந்திருக்கிறாள். எனக்கு உள்ள ஒரே ஆசை, வீரமாமுனிவர் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்பது. விசாவுக்கு எப்போது விண்ணப்பிப்பது? வேறு நாட்டு விசா சுலபமாகக் கிடைக்கும், அதை வாங்கிக்கொண்டு இத்தாலி போய்விடலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர், சரியா? என் பாஸ்போர்ட்டில் சர்நேம் பகுதி காலியாக இருக்கிறது. அதனால் சிக்கல் வருமா? நாங்கள் சுத்த சைவம். பணம், உடை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் யோசனை சொல்லுங்கள்.

பதில்: அம்மா, முதலில் மகள் போட்ட பட்டியலில் கை வைக்கிறேன். பன்னிரண்டு நாளில் போக ஒரு நாள், வர ஒரு நாள் போய்விடும். மிச்சம் பத்து நாளில் எட்டு ஊர் என்றால், நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் ரயில் நிலையங்களைத்தான். ஊர் மாறும் நாளில் காலை பத்து, பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு முன் அறை தர மாட்டார்கள். இடையில் பெட்டியோடு அலைச்சல். முழங்கால் வலிக்காரருக்கு இது ஒன்றே போதும், பயணம் வெறுத்துப்போக.

ஆகவே ரோமில் நான்கு இரவு, புளோரன்ஸில் மூன்று, வெனிஸில் மூன்று என்று முடித்துக்கொள்ளுங்கள். வேக ரயிலில் ரோமிலிருந்து புளோரன்ஸுக்கு ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து வெனிஸுக்கு இரண்டேகால் மணி நேரம். பைசா வேண்டுமென்றால் புளோரன்ஸிலிருந்து சாதாரண ரயிலில் ஒரு மணி நேரம், காலையில் போய் மாலையில் திரும்பலாம். பாம்பெய் அருமையான இடம்தான். ஆனால் மேடுபள்ளமான கல் பாதையில் மணிக்கணக்காக நடக்க வேண்டும். உங்கள் கணவரை நினைத்து அதை அடித்துவிட்டேன். சுவிட்சர்லாந்துக்கு இதே விசா செல்லும், ஆனால் நாணயம் வேறு, விலைவாசியும் வேறு. அது தனிப் பயணத்துக்கு உரிய நாடு. மிலானை விட்டதற்கு லியோனார்தோவின் 'கடைசி விருந்து' ஓவியம் ஒன்றுக்காக மட்டும் வருத்தப்படலாம்.

விமான டிக்கெட் எடுக்கும்போது ரோமில் இறங்கி வெனிஸில் ஏறும்படி எடுங்கள். 'மல்டி சிட்டி' என்று கேட்டால் கிடைக்கும். வளைகுடா வழியாகப் போகும் விமானங்கள் சில வெனிஸுக்கும் பறக்கின்றன. ரோமுக்கே திரும்பிவரும் அரை நாளும் ரயில் செலவும் இதில் மிச்சம்.

இனி விசா. ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அது இத்தாலி, பேச்சுக்கே இடமில்லை. வேறு நாட்டுக்குப் போவதாகச் சொல்லி விசா வாங்கி இத்தாலியில் போய் இறங்கினால், ரோம் விமான நிலைய அதிகாரி ஹோட்டல் முன்பதிவைக் கேட்பார். பதில் சொல்ல முடியாமல் நிற்க வேண்டி வரும். அப்போது சுலப விசா சொன்ன நண்பர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசியாகப் பதினைந்து நாளுக்கு முன்னாலாவது கொடுத்தாக வேண்டும். சாதாரணமாகப் பதினைந்து நாளில் முடிவு சொல்வார்கள். சில சமயம் 45 நாள் வரை இழுக்கலாம். அக்டோபர் பயணத்துக்கு ஜூலை முதல் வாரம் சரியான நேரம். கோடை விடுமுறைக் கூட்டம் சென்னை விண்ணப்ப மையத்தில் அதற்குள் வடிந்திருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. வேக ரயில் டிக்கெட் நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். மலிவு டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. விசா கைக்கு வராமல் அதை வாங்கப் பயமாக இருக்கும். ஆகஸ்டிலேயே விசா வந்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. ஹோட்டலை மட்டும் விசாவுக்கு முன்பே, ரத்து செய்யக்கூடியதாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் திரும்பாது. பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்கட்டும். கைரேகைக்கு நேரில் போயாக வேண்டும். இருவருக்கும் ஒரே நேரத்தில் முன்பதிவு வாங்கினால் கும்பகோணத்திலிருந்து இரண்டு தடவை அலைய வேண்டாம்.

பண ஆதாரத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஓய்வூதிய ஆணை, வருமான வரிக் கணக்கு, வங்கி முத்திரையோடு கடைசி மாதங்களின் ஸ்டேட்மென்ட், வைப்புத்தொகை ரசீதுகளின் நகல் போதும். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மகளோ மருமகனோ உங்கள் கணக்கில் ஐந்து லட்சம் போட்டு வைப்பது வேண்டவே வேண்டாம். மாதாமாதம் ஓய்வூதியம் மட்டும் வந்த கணக்கில் திடீரென்று விழுந்த தொகை சந்தேகத்தைத்தான் கிளப்பும். மகள் செலவு ஏற்கிறாள் என்றால் அதைக் கடிதமாக எழுதி, அவளுடைய வங்கிக் கணக்கையும் வரிக் கணக்கையும் சேர்த்து வையுங்கள். எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த ஹோட்டல் என்று ஒரு பக்கத்தில் எழுதிய பயணத் திட்டமும் வேண்டும். மூன்றே ஊர் என்பதால் அது தெளிவாக இருக்கும்.

சர்நேம் விஷயம் நம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய தலைவலி. இனிஷியல் பழக்கத்தால் பாதிப் பேர் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி. அதனால் விசா மறுக்க மாட்டார்கள். சிக்கல் வருவது டிக்கெட்டில். ஆன்லைனில் சர்நேம் போடாமல் அடுத்த பக்கம் நகராது. உடனே கணவர் பெயரை அதில் போட்டுவிடுவார்கள். அந்தப் பெயர் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் இல்லையே! ஒற்றைப் பெயரை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. சில இடத்தில் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள். முதலில் விமான நிறுவனத்தைக் கேட்டு எழுதுங்கள். இன்சூரன்ஸ், ரயில், கொலோசியம் டிக்கெட் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தே வரட்டும். கொலோசியத்தில் டிக்கெட் ஆள் பெயரில்தான்; வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விசா விதி. அந்தத் தொகைக்கு எடுத்த மலிவு பாலிசியை நீட்டினால் விசாவுக்குப் போதும், உங்களுக்குப் போதாது. கணவருக்கு ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது. பழைய நோய்க்கு என்ன தருவார்கள் என்று பாலிசிப் பத்திரத்தில் தேடிப் படியுங்கள். நோயை மறைக்காமல் எழுதுங்கள். கொஞ்சம் கூடுதல் பிரீமியம் போனால் போகட்டும், இந்த இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

மருந்து பயண நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, கைப்பையில். மாத்திரையின் வேதிப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டு ஆங்கிலத்தில் வேண்டும். நம்மூர் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. இத்தாலி நேரம் கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அக்டோபர் கடைசி ஞாயிறு விடியற்காலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், அப்புறம் நாலரை. இன்சுலின் போடுபவராக இருந்தால் வேளையை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஞாயிறன்று ரயிலோ விமானமோ இருந்தால் கைபேசி காட்டும் நேரத்தை மட்டும் நம்புங்கள். அவசரத்துக்கு எண் 112.

டிக்கெட்டுகளில் வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஞாயிறு விடுமுறை, மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்றைக்குப் போனால் கூட்டத்தின் முதுகுதான் தெரியும். கொலோசியம் டிக்கெட் முப்பது நாளுக்கு முன்தான் அதிகாரபூர்வ தளத்தில் திறக்கும். அதே போன்ற பெயரில் இரட்டை விலைக்கு விற்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், ஏமாந்துவிடாதீர்கள். புளோரன்ஸின் உஃபீத்ஸி கலைக்கூடம் திங்கட்கிழமை மூடியிருக்கும்.

எதில் ஏறலாம், எதில் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புளோரன்ஸ் தேவாலயத்தின் குவிமாடத்துக்கு 463 படி, லிப்ட் கிடையாது. வத்திக்கானில் புனித பேதுரு பேராலயக் குவிமாடத்துக்கு 551 படி. லிப்டில் போனாலும் மேலே 320 படி ஏறியே ஆக வேண்டும், அதுவும் சுவர் சாய்ந்த ஒடுங்கின பாதையில். இரண்டும் வேண்டாம். மேலிருந்து பார்க்கும் ஆசையை வெனிஸில் தீர்த்துக்கொள்ளுங்கள். புனித மாற்கு சதுக்கத்து மணிக்கூண்டில் லிப்ட் உச்சி வரை போகிறது.

வெனிஸில் காரோ ஆட்டோவோ கிடையாது. பாலத்துக்குப் பாலம் படி. பெரிய ட்ராலியை அந்தப் படிகளில் தூக்கி இறக்குவது கல்யாண வீட்டு அண்டாவைத் தனியாளாகச் சுமப்பது மாதிரி. அதனால் விடுதியை இடம் பார்த்துப் பிடிக்க வேண்டும். சாந்தா லூசியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் இடப்பக்கம் லிஸ்தா தி ஸ்பாஞா என்று ஒரு தெரு போகும். அதில் உள்ள விடுதிகளுக்கு ஒரு பாலமும் ஏறாமல் பெட்டியை உருட்டிக்கொண்டே போகலாம். கொஞ்சம் சந்தடியான தெருதான், அழகு என்று சொல்ல மாட்டேன். முழங்கால் நன்றி சொல்லும். அந்த விடுதியிலும் லிப்ட் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். ரயில் டிக்கெட்டில் வெனேசியா மெஸ்த்ரே என்று இருந்தால் அது கரையில் உள்ள வேறு நிலையம். அவசரப்பட்டு அங்கே இறங்கிவிடாதீர்கள். ஊருக்குள் படகுதான் பஸ். அக்டோபர் கடைசியில் சில நாள் கடல் நீர் ஏறி வீதியில் நிற்பது உண்டு. 2020 முதல் கடல் வாயில் தடுப்புகள் இயங்குவதால் முன்பு போல இல்லை. எதற்கும் நனைந்தாலும் காயக்கூடிய காலணி நல்லது.

ரயிலில் வேக வண்டிக்கு இருக்கை எண்ணோடு டிக்கெட் வரும். அதற்கு வேறு வேலை இல்லை. சாதாரண வண்டிக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் நிலையத்தில் இருக்கும் சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை வாங்க வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லாமல் அபராதம் கட்டிய நம்மவர்கள் நிறைய. அங்கே வேலைநிறுத்தமும் அடிக்கடி வரும், ஆனால் முன்னறிவிப்போடு வரும். வேலை நாளில் வேலைநிறுத்தம் என்றாலும் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் சாதாரண ரயில்களில் குறைந்தபட்ச சேவை உண்டு.

இப்போது உங்கள் ஆசைக்கு வருகிறேன். வீரமாமுனிவர் என்ற கோஸ்தான்சோ ஜூசெப்பே பெஸ்கி 1680-இல் பிறந்த ஊர் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியெரே. மாந்துவா மாவட்டத்தில் கார்தா ஏரிக்குத் தெற்கே இருக்கும் சிறு நகரம். மகளின் பட்டியலில் இது இல்லாதது ஆச்சரியமில்லை, எந்த டூர் பட்டியலிலும் இருக்காது. ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. வெனிஸிலிருந்து மிலான் பக்கம் போகும் ரயிலில் தெசென்சானோவில் இறங்க வேண்டும். வேக வண்டியில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். எல்லா வேக வண்டியும் அங்கே நிற்காது, பார்த்து எடுங்கள். அங்கிருந்து டாக்ஸியில் கொஞ்ச தூரம்தான். இத்தாலியில் டாக்ஸியைத் தெருவில் கைகாட்டி நிறுத்தும் வழக்கம் இல்லை, நிற்குமிடத்துக்குப் போக வேண்டும், இல்லையேல் போன் செய்து அழைக்க வேண்டும். இறங்கும்போதே திரும்பும் நேரம் பேசிக்கொள்ளுங்கள்.

காலையிலேயே போய்ச் சேருங்கள். சிறு ஊர்த் தேவாலயங்கள் நண்பகலில் சாத்திவிட்டுப் பிற்பகல் மூன்று மணி வாக்கில்தான் திறக்கும். அங்கே போய் வீரமாமுனிவர் என்றால் யாருக்கும் புரியாது. பெஸ்கியின் முழுப் பெயரை இத்தாலிய எழுத்தில், ஏசு சபைத் துறவி, தென்னிந்தியா போனவர் என்ற குறிப்போடு ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய் சுற்றுலா அலுவலகத்தில் காட்டுங்கள். அந்த ஊர் புனித அலோசியஸ் கொன்சாகா பிறந்த ஊரும்கூட. அவர் பெயரில் உள்ள பேராலயத்தை அவசியம் பாருங்கள். நம்மூரில் எத்தனையோ பள்ளி கல்லூரிகளுக்கு அவர் பெயர்தானே. இன்னொன்றும் உண்டு. 1859-இல் பக்கத்து சோல்ஃபெரினோவில் நடந்த போரில் காயம்பட்ட வீரர்களை இந்த ஊர்ப் பெண்கள்தான் எந்தப் பக்கத்து வீரர் என்று பார்க்காமல் கவனித்தார்கள். அதைக் கண்ட ஹென்றி துனாந்தின் முயற்சியில்தான் பின்னர் செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது. அதற்கு ஓர் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. இவ்வளவும் அரை நாளில் முடியும். மிச்ச நேரத்தை தெசென்சானோ ஏரிக்கரையில் உட்கார்ந்து கழிக்கலாம்.

சாப்பாட்டில் சைவத்துக்குக் கவலை குறைவு. தக்காளி பாஸ்தா, பூண்டு-எண்ணெய் பாஸ்தா, மார்கரித்தா பீட்சா எங்கும் கிடைக்கும். காய்கறி சூப் என்று நம்பி வாங்காதீர்கள், அடியில் இறைச்சிச் சாறு இருக்கலாம். கடுஞ்சைவம் என்றால் பார்மிஜானோ சீஸும் ஆகாது; கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைப் போட்டுத்தான் பாலைத் திரிக்கிறார்கள். 'சென்சா கார்னே, சென்சா பேஷே' என்றால் இறைச்சியும் மீனும் வேண்டாம். சீஸும் வேண்டாம் என்றால் 'சென்சா ஃபொர்மாஜ்ஜோ'. பெரிய சிக்கல் நேரம்தான். பிற்பகல் மூன்று மணிக்குப் பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள்; இரவு ஏழு, ஏழரைக்கு முன் பற்றவைக்க மாட்டார்கள். கணவரின் சர்க்கரைக்கு அந்த இடைவெளி ஆபத்து, பையில் ஏதாவது இருக்கட்டும். ரோமில் சமையலறை உள்ள வீடாக எடுத்தால் நல்லது. தெர்மினி நிலையத்துக்குப் பக்கத்தில் எஸ்குயிலினோ சந்தையில் நம்மூர்ப் பருப்பு, மசாலா எல்லாம் கிடைக்கும். வெறும் தயிர் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் உண்டு. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், ரோமில் தெருவுக்குத் தெரு ஓயாமல் ஒழுகும் குழாய்கள் இருக்கின்றன. காலி பாட்டில் ஒன்று போதும்.

இங்கிருந்து இட்லிப் பொடி, பருப்புப் பொடி, வற்றல் எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா போன்ற பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. மோர் மிளகாயையும் வீட்டிலேயே வையுங்கள். எண்ணெய் மிதக்கும் ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் பெரிய பெட்டிக்குள், நன்றாகக் கட்டி. பச்சைக் கறிவேப்பிலைக் கொத்தை ஆசைப்பட்டுச் சொருகிவிடாதீர்கள், சான்றிதழ் இல்லாமல் அதற்கும் அனுமதி இல்லை.

கேட்கக் கூச்சப்பட்டு விட்டிருப்பீர்கள், நானே சொல்கிறேன்: வீட்டுக் குளியலறையில் பிடே என்ற கழுவு தொட்டி இருந்தாக வேண்டும் என்று 1975-இலேயே அங்கே ஆணை போட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் நம்மவர்களுக்கு நிம்மதியான நாடு அதுதான். ரயில் நிலையக் கழிவறைக்குக் காசு உண்டு. யூரோ நாணயம் ஒன்றிரண்டு கையில் இருக்கட்டும்.

பணம் பெரும்பகுதி ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். கையில் ஆளுக்கு 250 யூரோ போல, சிறு நோட்டாக. ஹோட்டலில் ஊர் வரி என்று ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள். முன்பதிவில் கட்டிய தொகையில் பெரும்பாலும் அது சேராது. கடையில் கார்டைத் தேய்த்ததும் இயந்திரத்தின் திரையில் இரண்டு தொகை வரும், ஒன்று யூரோவில், இன்னொன்று ரூபாயில். ரூபாயைப் பார்த்ததும் மனசு அங்கேதான் போகும். யூரோவைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த மாற்று விலை. சமயத்தில் நூற்றுக்கு ஐந்து, பத்து கூடப் போய்விடும். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், மாற்றம் வேண்டாம் என்றே சொல்லுங்கள். காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. பில்லில் 'கொபெர்த்தோ' என்று ஒன்றிரண்டு யூரோ இருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள், அது மேசைக் கட்டணம்.

உடைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ரோமில் அப்போது பகலில் இதமாக இருக்கும், இரவில் ஸ்வெட்டர் வேண்டும், வெனிஸில் மழைக் கோட்டும். தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். உங்கள் புடவைக்கு எந்தக் கேள்வியும் வராது. ஆனால் கல் பாவிய தெருவில் செருப்போடு நடக்க முடியாது. ஷூ இப்போதே வாங்கி, மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்து பழக்கிவிடுங்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும், மின்னழுத்தம் ஒன்றுதான். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். ரோமில் தெர்மினி நிலையமும் வத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் எண் பஸ்ஸும் ஜேப்படிக்குப் பேர் போனவை. பாஸ்போர்ட்டை உள்பையில் வையுங்கள். நகல் ஒன்று மகளிடமும் இருக்கட்டும்.

இறங்கும் இடத்தில் கைரேகையைச் சரிபார்த்து முகப் படம் எடுப்பார்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறை அது, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக வந்திருக்கிறது. வரிசை நீளலாம் என்பதால் இறங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ரயில் எதுவும் பதிவு செய்யாதீர்கள். ஹோட்டல் பதிவு, இன்சூரன்ஸ், திரும்பும் டிக்கெட் மூன்றும் காகிதமாகக் கையில் இருக்கட்டும்.

திரும்பும்போது: ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் வரியில் ஒரு பங்கைத் திரும்பப் பெறலாம். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேளுங்கள், பெட்டியை விமானத்தில் போடுவதற்கு முன் சுங்கத்தில் முத்திரை வாங்குங்கள். வெனிஸிலிருந்து கிளம்பும் விமானம் தாமதமாகி, ஊருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்தி வந்து சேர்ந்தால், காரணம் நிறுவனத்துடையது என்ற பட்சத்தில் ஆளுக்கு 600 யூரோ வரை இழப்பீடு கேட்க ஐரோப்பிய விதியில் இடம் உண்டு. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எந்த நாட்டு விமானத்துக்கும் அது பொருந்தும். வீடு வந்து சேரும் வரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.